பறக்காத விமானத்துக்கு ஒரு மாவிளக்கு

அம்மனுக்கு நான் எத்தனையோ முறை மாவிளக்குப் போட்டிருக்கிறேன். வயிற்றில் பிள்ளை தங்கியதற்குப் போட்டேன். மகளுக்கு அம்மை இறங்கியதற்குப் போட்டேன். என் வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கும் போட்டேன். ஆனால் தரையை விட்டு எழும்பாத ஒரு விமானம் பத்திரமாகத் தரை இறங்கியதற்கு மாவிளக்குப் போட்டவள் சிராங்கூன் ரோட்டிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எங்களுக்கு ஒரே மகள். செம்பவாங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் காரிடாரில் நின்றால் ஹெலிகாப்டர் தலைக்கு மேலே போகும். மற்ற பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடும்போது இவள் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பாள். அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. படித்தாள், மேலே படித்தாள், கடைசியில் ஐரோப்பாவில் ஒரு குளிர் ஊரில் புது விமானம் செய்கிறவர்களிடம் வேலைக்குச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு வந்த தீபாவளிகளில் எங்கள் வீட்டு முறுக்கு நமுத்துப்போகும் வரை டப்பாவிலேயே கிடந்தது.

நான் தொடக்கப் பள்ளியோடு நின்றவள். அவள் என்ன வேலை செய்கிறாள் என்று கீழ்வீட்டுக்காரர்கள் கேட்டால், "பிளேன் கம்பெனில இருக்கா" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் எனக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய நிலை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஞாயிறு மதியம் எங்களுக்குச் சாப்பாடு முடிந்த நேரம், அவளுக்கு எழுந்து காப்பி போடுகிற நேரம். அப்போதுதான் போனில் முகம் பார்ப்போம்.

"மா, தீபாவளிக்கு வந்துருவேன். ஒரு டெஸ்ட் மட்டும் பாக்கி. அது முடிஞ்சா லீவு."

"என்ன டெஸ்ட்டு? இன்னும் படிக்கிறியா?"

"ஐயோ, எனக்கு இல்ல மா, பிளேனுக்கு. புதுசா செஞ்ச பிளேன். எப்படி எல்லாம் பறக்கும், எப்படி எல்லாம் பறக்காதுன்னு பாக்கணும்ல."

"பறக்காதுன்னு எப்படிம்மா பாப்பாங்க?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகுதான் சொன்னாள். வேகத்தைக் குறைத்துக் குறைத்து, இதற்கு மேல் காற்று தாங்காது என்கிற இடம் வரை கொண்டுபோவார்களாம். ஒரு இன்ஜினை வேண்டுமென்றே நிறுத்துவார்களாம். பிறகு பைலட் அதைச் சரி செய்து கொண்டுவருவாராம்.

"நீ எங்க இருப்ப?"

"பைலட் பக்கத்துல."

பின்னால் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

அந்த வாரமே தேக்கா சந்தைக்குப் போகிற சாக்கில் அம்மன் கோயிலுக்குப் போனேன். "தாயே, இவள் ஏறி உட்காருகிற அந்த விமானம் நல்லபடியாகத் தரை இறங்கினால் உனக்கு மாவிளக்குப் போடுகிறேன்" என்று நேர்ந்துகொண்டேன். தீபாவளிக்கு அவள் வர வேண்டும் என்றும் கேட்கத்தான் நினைத்தேன். இரண்டையும் ஒன்றாகக் கேட்டால் பேராசையாகத் தெரியுமோ என்று பயந்து, முதலாவதை மட்டும் வாய்விட்டுச் சொன்னேன். இரண்டாவது மனசுக்குள்ளேயே இருந்தது. அம்மனுக்கா தெரியாது?

கொஞ்ச நாளில் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. தலையில் ஹெட்போன், தோளில் பெல்ட்டு, என் மகள். பக்கத்தில் நரைத்த தாடியோடு ஒரு வெள்ளைக்காரர். முன் கண்ணாடியில் மேகம் கிழிந்து கிழிந்து போகிறது. கீழே வயலும் ஆறும் சின்ன வீடுகளும். விமானம் ஒரு பக்கம் சாய்ந்தது. நானும் சோபாவில் சாய்ந்தேன். பிறகு ஓடுபாதை பெரிதாகிக்கொண்டே வந்தது. ஒரு குலுக்கல். நின்றுவிட்டது. யாரோ கை தட்டினார்கள். மகள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள்.

வேறென்ன வேண்டும்? பச்சரிசியை ஊறவைத்து வடித்து, ஈரம் போகாமல் இடித்துச் சலித்தேன். வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துப் பிசைந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் பாத்திரத்தைத் துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் போனேன். தோபி காட் ஸ்டேஷனில் ரயில் மாறும்போது கூட்டம் இடித்தது. குழந்தையைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டேன். அம்மன் முன்னால் மாவைக் குழித்து, நெய் ஊற்றித் திரி போட்டு ஏற்றினேன். சுடர் ஆடாமல் நின்று எரிந்தது. மனசு காலியாகி, லேசாகி, வெளியே வந்து ஒரு இளநீர்கூடக் குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாவுருண்டையைப் போனில் காட்டினேன்.

"எதுக்கு மா மாவிளக்கு? இப்ப ஆடி மாசம்கூட இல்லையே."

"நீ நல்லபடியா இறங்கினதுக்குத்தான்."

"எங்க இறங்கினேன்?"

"அதான் வீடியோ அனுப்பினியே. வயலு, ஆறு..."

அவள் வாயில் இருந்த காப்பியை விழுங்க முடியாமல் திணறினாள். பிறகு, "மா, அது சிமுலேட்டர் லா! நான் ரூமுக்குள்ள உக்காந்திருந்தேன். அந்த வயல், ஆறு எல்லாம் படம்மா. அந்தப் பொட்டி ஒரு இன்ச்சு கூட நகராது" என்றாள்.

என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு மூன்றாவது வீடு வரை கேட்டிருக்கும். அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"எங்க டிப்போலயும் இருந்துச்சுடி அந்த மாதிரி ஒண்ணு. புது பஸ் வந்தப்ப என்னை உள்ள உக்கார வச்சாங்க. முன்னாடி பெரிய ஸ்க்ரீன்ல ரோடு. திடீர்னு மழை, குறுக்கால ஒரு கிழவி. அன்னிக்கு நான் அந்தக் கிழவியை அடிச்சிட்டேன். ஒரு லாரியையும் இடிச்சிட்டேன். வெளிய வந்து வாந்தி எடுத்தேன்."

"இத ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"எதைச் சொல்றது? இல்லாத கிழவியையா? ஆனா ஒண்ணு, அதுக்கப்புறம் மழை பெஞ்சா என் கால் தானா பிரேக்குக்குப் போகும். ரோட்டுல ஒரு கோழியைக்கூட அடிச்சதில்ல."

"கரெக்ட் பா!" என்றாள் மகள். "அதேதான். இங்க விழுந்து விழுந்து கத்துக்கிட்டா, அங்க விழ வேணாம்."

அவர்கள் இருவரும் சேர்ந்துகொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேர்ந்தது ஒன்றுக்கு, செலுத்தியது இன்னொன்றுக்கு. நிஜ விமானம் இன்னும் கொட்டகையில்தான் நிற்கிறது. அதற்காக வைத்திருந்த வேண்டுதலை நான் ஒரு படத்துக்குச் செலவழித்துவிட்டு வந்திருக்கிறேன். இனி அது பறக்கும்போது அம்மன் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள்?

"அம்மன்கிட்ட போய் ரிட்டர்ன் கேக்கப்போறியா?" என்று அவர் வேறு சீண்டினார்.

மறுவாரம் கோயிலில் குருக்களிடம் போய் நின்றேன். கேட்கவே கூச்சமாக இருந்தது. அவர் பொறுமையாகக் கேட்டார். சிமுலேட்டர் என்றால் என்ன என்று நானே சொல்ல வேண்டியதாயிற்று. எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன்.

"இப்ப குழந்தை சௌக்கியமா இருக்காளோ?"

"இருக்கா சாமி."

"அப்ப நன்றி சொன்னதுல என்ன தப்பு? மாவு நல்ல மாவு, நெய் நல்ல நெய். அம்பாள் கோவிச்சுக்க மாட்டா. ஒத்திகைக்குன்னு வச்சுக்கோங்கோ. நிஜத்துக்கு இன்னொரு தடவை போட்டாப் போச்சு."

வெளியே வந்து செருப்பைத் தேடும்போது அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஒத்திகை. மகள் அங்கே செய்வதும் அதுதானே. ஆகக்கூடி, அவளும் நானும் ஒரே நேரத்தில் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறோம்.

அடுத்த ஞாயிறு அவள் முகம் சரியில்லை. தலைகூட வாரவில்லை.

"என்னம்மா?"

"விழுந்துருச்சு மா."

போன் நழுவி மடியில் விழுந்ததில் கூரையும் மின்விசிறியும் அவளுக்குத் தெரிந்திருக்கும். "சிமுலேட்டர்ல மா, சிமுலேட்டர்ல!" என்று அவள் கத்தினாள்.

ஒரு இன்ஜினை நிறுத்திவிட்டு, வேகத்தைக் குறைத்து, பக்கக் காற்றையும் சேர்த்துப் பார்த்தார்களாம். தாடிக்காரப் பைலட் பழுத்த அனுபவசாலி. அவராலேயே தூக்க முடியவில்லை. வயல் நேராக முகத்துக்கு வந்திருக்கிறது.

"அப்புறம்?"

"ஸ்க்ரீன் சிவப்பாயிடுச்சு. அவ்வளவுதான். பைலட் எந்திரிச்சு டீ போடப் போயிட்டார். நான்தான் கொஞ்ச நேரம் எந்திரிக்கல."

அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் அவள் பக்கத்தில் இல்லையே என்று இருந்தது. படம்தான், பொட்டி நகரவில்லைதான். ஆனாலும் என் பிள்ளை அதற்குள் விழுந்திருக்கிறாள். தலையைத் தடவிவிட ஒரு கை வேண்டாமா? போன் கண்ணாடியில் விரலை வைத்தேன். அவள் முகம் பெரிதாகி, பிறகு மங்கலாகிவிட்டது.

விழுந்ததால் திட்டத்தை மாற்றினார்கள். அந்தச் சோதனையை இன்னும் நிறைய உயரத்தில் போய்த்தான் செய்ய வேண்டும், அதற்கு முன்னால் சின்னச் சின்னப் படிகளாகச் சில சோதனைகள் செய்ய வேண்டும் என்றெல்லாம் சொன்னாள். நான் ஒன்றைத்தான் கேட்டேன்.

"அப்ப தீபாவளி?"

"பாக்கலாம் மா."

எங்கள் வீட்டில் 'பாக்கலாம்' என்றால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். பள்ளிச் சுற்றுலாவுக்குக் காசு கேட்டபோதெல்லாம் அவளுக்கு நானே சொன்ன வார்த்தை அது.

பறக்கிற நாளுக்கு முந்தைய ஞாயிறு, நான் பயப்படுவது தெரிந்து அவளே பேச்சை எடுத்தாள்.

"மா, அன்னிக்கு ரெண்டு பிளேன் பறக்கும். மேல எங்க பிளேன். கீழ சிமுலேட்டர்ல இன்னொண்ணு. நாங்க மேல எவ்வளவு சாயுறோம், எவ்வளவு வேகம், எந்தப் பக்கம் காத்து, எல்லாம் அந்த நிமிஷமே கீழ போயிடும். கீழ உள்ளதும் அதே மாதிரி பறக்கும். ரெண்டும் ஒண்ணாப் போனா சரி. எங்க பிளேன், கம்ப்யூட்டர் சொன்ன மாதிரி நடந்துக்கலைன்னா, எங்களுக்குத் தெரியுறதுக்கு முன்னாடி கீழ தெரிஞ்சிடும். உடனே நிறுத்துன்னு சொல்லுவாங்க."

நான் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

"புரியலையா? அப்பா காவடி எடுப்பாரே. சிராங்கூன் ரோட்டுலேருந்து டேங்க் ரோடு கோயில் வரைக்கும் நீ பக்கத்துலயே நடப்ப. அவருக்கு அவர் முகம் தெரியாது. உனக்குத்தான் தெரியும். உதடு வெளுத்தா நீதான் 'நில்லுங்க, உக்காருங்க'ன்னு சொல்லுவ."

"நீயும்தான் நடப்ப. தண்ணி பாட்டில் தூக்கிட்டு."

"ஆமா. ஒரு வருஷம் தண்ணிய நானே குடிச்சிட்டேன்."

"அடிப் பாவி, அது நீதானா?" என்று அவர் பின்னாலிருந்து கத்தினார்.

நான் கேட்டேன்: "அப்ப நீ பக்கத்துல நடக்கிற ஆளா இருக்கலாமே. காவடிய வேற யாராவது எடுக்கட்டுமே."

"இந்தத் தடவை நான்தான் மா காவடி. பக்கத்துல நடக்கிறதுக்கு ஒருத்தி இருக்கா. என் ஃப்ரெண்டு. கண்ணு சிமிட்ட மாட்டா."

அவள் அப்பா காவடி எடுத்த நாட்களில், வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. கூடவே நடந்தேன், அவ்வளவுதான். இப்போது கூட நடக்க எனக்கு இடமில்லை. பேர்கூட என் வாயில் நுழையாத எவளோ ஒருத்தி நடக்கிறாள். அவள்மேல் எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அந்த நாள் காலையில் கோயிலுக்குப் போய் இரண்டு அர்ச்சனைச் சீட்டு வாங்கினேன். மகள் பேர், நட்சத்திரம் சொன்னேன்.

"இன்னொண்ணு யாருக்கு?" என்றார் குருக்கள்.

"அவ கூட வேலை செய்யுற பொண்ணுக்கு சாமி. கீழ இருந்து பாத்துக்கிறவ."

"நட்சத்திரம்?"

"தெரியாது சாமி. வெள்ளைக்காரப் பொண்ணு."

அவர் புன்னகைத்தார். "சரி, சுவாமி பேருக்கே பண்ணிடறேன். அம்பாளுக்கு அட்ரஸ் தெரியும்."

மதியம் செம்பவாங்கில் நல்ல மழை. எங்கள் மதியம் தேய்ந்துகொண்டிருந்தது, மகளுடைய காலை ஏறிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழை விட்டதும் ஒரு ஹெலிகாப்டர் எங்கள் புளோக்கின் மேலே போனது. நான் காரிடாருக்கு ஓடி, சின்ன வயதில் மகள் நின்ற இடத்தில் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தேன். யார் பெற்ற பிள்ளையோ, இதுவும் நல்லபடியாக இறங்கட்டும்.

விளக்கு வைக்கிற நேரத்தில் போன் வந்தது.

"மா, இறங்கிட்டோம்."

"நிஜமாவா?"

"நிஜமா லா."

"எனக்குத் தெரியாது. காட்டு."

அவள் சிரித்துக்கொண்டே போனைக் கீழே திருப்பினாள். ஈரப் புல். அவள் காலணியில் சேறு அப்பியிருந்தது. காற்று போனுக்குள் புகுந்து கரகரவென்று இரைந்தது. படத்தில் சேறு ஒட்டாது. அந்தச் சேற்றை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் என் தோள் வழியாக எட்டி, "முடிஞ்சிருச்சாம்மா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. பாதியில நிறுத்திட்டாங்க."

முதல் படிகள் எல்லாம் சரியாக நடந்திருக்கின்றன. ஒரு இன்ஜினை நிறுத்தி வேகத்தைக் குறைக்கும்போது, கீழே இருந்த அந்தப் பெண் 'நிறுத்து' என்றாளாம். மேலே இவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலத்தான் இருந்தது. ஆனால் விமானத்தின் வால் பக்கம், கணக்கு சொன்னதைவிடக் கொஞ்சம் அதிகமாக விலகியிருக்கிறது. தாடிக்காரர் மறுபேச்சுப் பேசாமல் இன்ஜினைப் போட்டுத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்.

"சொல்லலைன்னா என்ன ஆயிருக்கும்?"

"ஒண்ணும் ஆகாமலும் இருந்திருக்கலாம் மா. தெரியல. தெரியாம இருக்கிறது நல்லதுதானே?"

நான் தலையாட்டினேன். இனி அது ஏன் விலகியது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு மறுபடியும் சிமுலேட்டர், மறுபடியும் சின்னப் படிகள், மறுபடியும் பறப்பது. அவள் சொல்லிக்கொண்டே போனாள், நான் விரல் விட்டு எண்ணவில்லை. அவளும் தீபாவளி என்ற வார்த்தையைச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

"நல்லதும்மா" என்றேன். "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு, அம்மா அவளுக்கு அர்ச்சனை பண்ணினேன்னு."

"அப்படின்னா என்னன்னு கேப்பா."

"பக்கத்துல நடக்கிறவளுக்குத் தண்ணி குடுக்கிற மாதிரின்னு சொல்லு."

போனை வைத்த பிறகு சாமி விளக்கை ஏற்றிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தேன். நான் வாய்விட்டுக் கேட்டதை அம்மன் அப்படியே கொடுத்திருக்கிறாள். மனசுக்குள் வைத்திருந்ததைத் தள்ளி வைத்திருக்கிறாள். என் பிள்ளை பத்திரமாக இருப்பதற்காகத்தான் என் பிள்ளை வரவில்லை. இதில் யாரைக் குறை சொல்ல? ஒன்றுக்குக் கும்பிட்டுக்கொண்டே இன்னொன்றுக்கு ஏங்கிக்கொண்டு, ஒரே கைகளைத்தான் கூப்பினேன்.

தீபாவளிக்கு முதல் நாள் தேக்காவில் கால் வைக்க இடமில்லை. சாலைக்கு மேலே தோரண விளக்குகள், இரண்டு பக்கமும் கடைகள், முறுக்கும் மருதாணியும் மாலையும். பழக்கத்தில் மகள் அளவுக்கு ஒரு சுடிதாரைக் கையில் எடுத்துவிட்டேன். "வாங்கிக்க" என்றார் கூட வந்த என் வீட்டுக்காரர். வாங்கிக்கொண்டேன். எம்ஆர்டிக்கு நடக்கும்போது அவர் சட்டென்று நின்றார்.

"வா, சாங்கி ஏர்போர்ட்டுக்குப் போயிட்டு வருவோம்."

"யார் வர்றா?"

"யாரும் வரல. சும்மா. ஜில்லுன்னு ஏர்கான்ல உக்காந்து ஒரு காப்பி குடிச்சிட்டு வரலாம்."

பயணிகள் வெளியே வருகிற இடத்தில் போய் நின்றோம். கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூடியது. தள்ளுவண்டியில் பெட்டிகளோடு யார் யாரோ வந்தார்கள். ஒரு அம்மா தன் மகனை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அவர் கம்பித் தடுப்பைத் தட்டிப் பார்த்தார்.

"இங்க நிப்போம். அவ அந்தக் கதவுல வருவா. முதல்ல நம்மளப் பாக்க மாட்டா, போனத்தான் பாத்துட்டு வருவா. நான் கையத் தூக்குவேன். பெட்டிய நான் வாங்கிக்கிறேன். நீ அழுவ."

"நான் ஏன் அழுவுறேன்?"

"அதெல்லாம் இப்பவே அழுது பாத்துக்க. அப்பதான் அன்னிக்கு எங்க தப்பு வருதுன்னு தெரியும்."

"நீங்களும் உங்க பஸ்ஸும்" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கதவு திறந்தது. ஒரு பெண் போனைப் பார்த்துக்கொண்டே வந்தாள், எங்களைத் தாண்டிப் போனாள். அவர் பாதி தூக்கிய கையைக் கொண்டு தலையைக் கோதிக்கொண்டார்.

பச்சரிசி வாங்கி வைத்திருக்கிறேன். ஊறவைக்கவில்லை. இரண்டாவது மாவிளக்கை அவள் பக்கத்தில் நிற்கும்போதுதான் ஏற்றுவது என்று முடிவு செய்துவிட்டேன். முதல் விளக்கின் மாவில் ஒரு உருண்டை ஃபிரீசரில் அவளுக்காக இருக்கிறது. ஒரு ஓரத்தை யாரோ கிள்ளித் தின்றிருக்கிறார்கள். கேட்டால் இவர், "சரியா இருக்கான்னு டெஸ்ட் பண்ணேன்" என்கிறார்.